சிவந்தால் மருதாணி, கறுத்தால்?

முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் மெஹந்தி போடுகிறவர்களின் தேதி கிடைப்பது குதிரைக் கொம்பு. மணப்பெண்ணுக்கு முழங்கை வரை, தோழிகளுக்கு உள்ளங்கை மட்டும், கூட வந்த வாண்டுகளுக்கு ஆளுக்கொரு பூ என்று நள்ளிரவு வரை கூம்பும் கையுமாக உட்கார்ந்திருப்பார்கள். வரிசையில் கடைசியாகக் கை நீட்டுகிற யாராவது ஒருவர் தவறாமல் கேட்பார்: "காலையில முகூர்த்தம். அதுக்குள்ள நல்லாக் கறுத்துடுமில்ல?"

"கறுத்துடும்" என்று பதில் வந்தால் கையை இழுத்துக்கொள்வது நல்லது. ராத்திரி வைத்துக் காலையில் கறுக்கிற வேகம் மருதாணி இலைக்குக் கிடையாது. அப்படிக் கறுத்தால் அந்தக் கூம்புக்குள் வேறு ஏதோ இருக்கிறது. தோல் மருத்துவர்களிடம் 'மருதாணி அலர்ஜி' என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் இலையால் வந்தவர்கள் அல்ல. அந்த 'வேறு ஏதோ'வால் வந்தவர்கள். இலையாலும் தீங்கு வரும் ஓர் இடம் உண்டு. அது நம் வீடுகளில் யாரும் சந்தேகிக்காத இடம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இலைக்குள் என்ன இருக்கிறது?

சித்த மருத்துவம் அழவணம் என்று சொல்லும் இந்தச் செடிக்குத் தாவரவியலில் 'லாசோனியா இனெர்மிஸ்' என்று பெயர். லினேயஸின் 'சிஸ்டமா நேச்சுரே' 1735-ல் அச்சேற உதவிய ஐசக் லாசன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயரை நம் வேலியோரச் செடி சுமந்துகொண்டிருக்கிறது. அதன் இலையில் இருக்கும் சாயப் பொருளுக்கும் அவர் வழியாகவே 'லாசோன்' என்று பெயர் வந்தது. காய்ந்த இலையின் எடையில் இது அரை சதவீதத்திலிருந்து ஒன்றரை சதவீதம் வரைதான். வீடு வீடாகக் கை சிவப்பதெல்லாம் இந்தக் கொஞ்சத்தால்.

செடியில் இருக்கும்போது இந்தச் சாயம் சர்க்கரையோடு சேர்ந்து கட்டுண்டு கிடக்கிறது. அதனால்தான் மருதாணி இலையைப் பறித்த கை சிவப்பதில்லை. அரைத்த கை சிவக்கிறது. அம்மியில் நசுங்கும்போது கட்டு அவிழ்கிறது. அரைக்கையில் எலுமிச்சைச் சாறோ புளியோ விட்டால், அந்த லேசான புளிப்பில் சாயம் மெல்ல வெளியே வருவதோடு சீக்கிரம் கெடாமலும் இருக்கிறது. காய்ந்ததும் மேலே தொட்டு வைக்கும் சர்க்கரைத் தண்ணீர், விழுது உதிராமல் தோலோடு ஒட்டிக் கிடக்க உதவும். கொட்டைப்பாக்கு, கிராம்பு, தயிர் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. ஒரே தெருவில் நான்கு வீட்டில் கேட்டால் நான்கு ரகசியம் சொல்வார்கள். நான்கு வீட்டிலும் கை சிவந்துதான் இருக்கும்.

வெளியே வந்த லாசோன், தோலின் மேல் அடுக்கில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. மேல் அடுக்கு என்றால் உயிரற்ற செல்களால் ஆன அடுக்கு. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் இது தடிமன், புறங்கையில் மெல்லிசு. ஒரே கூம்பில் ஒரே ஆள் போட்டாலும் உள்ளங்கை கருஞ்சிவப்பாகவும் புறங்கை வெளிறிய ஆரஞ்சாகவும் நிற்பதற்கு இதுதான் காரணம். கணவனின் அன்போ மாமியாரின் அன்போ இந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை. "பித்த உடம்பு, அதான் இப்படிச் செவக்குது" என்று பாட்டிகள் சொல்வதில் மட்டும் பாதி உண்மை உண்டு. சூடான கையில் சாயம் நன்றாகப் பிடிக்கும். சில்லென்றிருக்கும் கையில் அவ்வளவாகப் பிடிக்காது.

அடுத்தது நேரம். விழுது தோலில் நாலைந்து மணி நேரமாவது இருக்க வேண்டும். உதிர்த்தவுடன் தெரிவது ஆரஞ்சு நிறம்தான். காற்றுப் பட்டு, அது மெல்ல மெல்லக் கருஞ்சிவப்பாகி முழு நிறத்துக்கு வர ஒன்றிரண்டு நாள் ஆகும். அதுவரை சோப்பும் தண்ணீரும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ராத்திரி வைத்து, துணி சுற்றிக் கட்டிக்கொண்டு படுக்கச் சொன்ன நம் வீட்டுப் பெண்களுக்குக் கெரட்டின் தெரியாது; ஆனால் இலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு ராத்திரி முன்னால் வைத்தால், முகூர்த்தத்தன்று கை உச்ச நிறத்தில் இருக்கும். ரிசெப்ஷனுக்கு நாலு மணி நேரம் முன்னால் பார்லருக்கு ஓடினால் ஆரஞ்சுக் கையோடுதான் மேடை ஏற வேண்டும். இந்த இடத்தில்தான் ரசாயனம் உள்ளே வருகிறது.

கூம்புக்குள் என்ன இருக்கிறது?

கரைத்த மருதாணி விழுது சாதாரண வெப்பத்தில் சில நாள்தான் தாங்கும். பிறகு சாயம் செத்துவிடும். வீட்டிலேயே கூம்பு செய்து விற்கும் பெண்கள் அதை ஃப்ரீஸரில் வைத்து, "வாங்கினவுடனே போட்டுடுங்க" என்று சொல்லித் தருவது இதனால்தான். ஆனால் வளையல் கடையில், ஃபேன்ஸி ஸ்டோரில், வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் மாதக் கணக்கில் தொங்கும் கூம்பும் கையைச் சிவக்க வைக்கிறது. செத்துப்போயிருக்க வேண்டிய சாயம் எப்படிச் சிவக்கிறது? மருதாணியே அதில் பேருக்குத்தான் இருக்கிறது, சிவக்க வைப்பது செயற்கைச் சாயம் என்பதைத் தவிர வேறு பதில் எனக்குத் தெரியவில்லை. பொடிகளிலும் கூம்புகளிலும் சோடியம் பிக்ராமேட் என்ற செஞ்சாயம் கலந்திருப்பது பல நாட்டு ஆய்வகங்களில் தெரியவந்திருக்கிறது. நிறம் வேகமாக இறங்க டர்பன்டைன், மண்ணெண்ணெய், பெட்ரோல்கூடக் கலக்கிறவர்கள் உண்டு. நீலகிரித் தைலமும் கிராம்புத் தைலமும் செய்யும் வேலையை மலிவாகச் செய்து முடிக்கும் குறுக்குவழி இது. மூக்கருகே கொண்டுபோனால் கூம்பு தானே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல விழுதில் காய்ந்த வைக்கோலும் பச்சிலையும் கலந்த வாசனைதான் வரும். தைலம் விட்டிருந்தால் தைல வாசனையும் சேரும். பெட்ரோல் பங்க் வாசனை வரக் காரணமே இல்லை.

இவை எல்லாவற்றையும்விட மோசமானது 'பிளாக் ஹென்னா'. மருதாணியில் கறுப்பு ரகம் என்று ஒன்று கிடையாது. கறுப்புக்குக் காரணம் பாராஃபினைலின் டையமின், சுருக்கமாக பி.பி.டி. தலைமுடிக்கு அடிக்கும் டையில் பெரும்பாலும் இருப்பதும் இதுதான். ஐரோப்பிய ஒன்றியம் முடிச்சாயத்தில் இதற்கு 2 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அதுவும் கையுறை போட்டு, முடியில் மட்டும் தடவி, அரை மணியில் அலசிவிடும் பொருளுக்கு. கையில் வரையும் கறுப்புக் கலவையை யாரும் அளந்து கலப்பதில்லை. அப்படி ஒரு கலவையைச் சோதித்தபோது 15 சதவீதத்துக்கு மேல் பி.பி.டி. இருந்ததாக 2002-ல் மருத்துவ இதழில் பதிவானது. அதை நேரே தோலில், மணிக் கணக்கில் காய விடுகிறோம். அமெரிக்காவின் தொடு தோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் ஒவ்வோர் ஆண்டும் 'இந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று ஒன்றை அறிவிக்கும். 2006-ல் அந்த 'விருது' பி.பி.டி.க்குத்தான் போனது.

முதல் தடவை போடும்போது பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அதுதான் இதன் தந்திரம். "போன தடவையும் இதேதான் போட்டேன், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். அந்த முதல் தடவையில் உடம்பின் எதிர்ப்பு அணு இதை எதிரியாக முத்திரை குத்திவைத்திருக்கலாம். அடுத்த தடவை ஒன்றிரண்டு நாளில் அரிப்பு தொடங்கும்; டிசைன் போட்ட கோட்டிலேயே தோல் தடித்து, சிவந்து, நீர் கோத்துக் கொப்புளமாக எழும்பும். பூவும் கொடியுமாகப் போட்ட படம் அப்படியே புண்ணாக நிற்கும். ஆறின பிறகும் அந்தப் படம் வெளுப்பாகவோ கறுப்பாகவோ மாதக் கணக்கில், சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். பாலித் தீவு, எகிப்து, துருக்கிக் கடற்கரைகளில் குழந்தைகளுக்குக் கறுப்பு டாட்டூ போட்டுக் கூட்டிப்போன ஐரோப்பியப் பெற்றோர்கள் வழியாக இந்தப் படங்கள் மருத்துவ இதழ்களை நிறைத்தன. சூடானில் நிலைமை இன்னும் கொடுமை. மருதாணியோடு இந்த ரசாயனத்தைக் கலந்து பூசும் வழக்கத்தால் தொண்டை வீங்கி, சிறுநீரகம் பழுதாகி, குழந்தைகள் உள்பட உயிர்கள் போயிருக்கின்றன.

எதிர்ப்பு அணுவுக்கு மறதி கிடையாது. எட்டு வயதில் அத்தை கல்யாணத்தில் கறுப்புக் கூம்பு போட்டுக்கொண்ட சிறுமிக்கு, நாற்பது வயதில் முதன்முதலாக டை அடிக்கும்போது முகமும் கண்ணிமையும் வீங்கலாம். ஐரோப்பாவில் விற்கும் டை பெட்டிகளில், 'முன்பு கறுப்பு மருதாணி டாட்டூவால் ஒவ்வாமை வந்தவர்கள் இதைப் பயன்படுத்தாதீர்கள்' என்ற எச்சரிக்கை சட்டப்படி அச்சிடப்பட்டிருக்கிறது. கறுப்பு, கருநீலத் துணிகளில் உள்ள சில சாயங்கள், ரப்பர் பொருட்கள், வாய்ப்புண் களிம்பில் வரும் பென்சோகெயின் என்று பி.பி.டி.க்கு உறவுக்காரர்கள் நிறைய. ஒன்றைச் சகிக்காத தோல் மற்றதையும் சகிக்காமல் போவதுண்டு.

வெள்ளை முடி விவகாரம்

தலைக்கு மருதாணி போடுகிறவர்கள் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும்: வெள்ளை முடி மருதாணியால் கறுக்காது, செம்பட்டையாகும். கறுப்பு முடியில் வெயில் பட்டால் ஒரு செம்மினுக்கம் தெரியும், அவ்வளவுதான். அமோனியா கிடையாது, முடியின் மேல்செதிலைத் திறப்பதும் கிடையாது. முடியைப் போர்த்திப் பிடித்துக்கொள்வதால் தண்டு சற்றுக் கனத்தது போலிருக்கும். அடிக்கடி போட்டால் வறண்டும் போகும். இரும்புச் சட்டியில் டீ டிகாஷனோடு ராத்திரி முழுக்க ஊறவைப்பது அறிவுள்ள வழக்கம். இரும்பும் டீயின் துவர்ப்பும் சேர்ந்து நிறத்தை இன்னும் கொஞ்சம் இருட்டாக்கும்.

இலையாலேயே கறுக்க வேண்டுமானால் வழி இருக்கிறது, பொறுமைதான் வேண்டும். முதல் நாள் மருதாணி, அலசிவிட்டு அடுத்து அவுரி. நீலச் சாயம் எடுக்க வளர்த்த அதே அவுரிதான். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கருமை. 'மருதாணி' என்று அட்டையில் எழுதி, ஒரே பாக்கெட்டில், அரை மணியில் கறுப்பு என்று சொல்லும் பொடியில் பி.பி.டி. இருக்க வாய்ப்பு அதிகம். அட்டையின் பின்பக்கப் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தாவது வாங்க வேண்டும். எந்த டையானாலும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போடுவது பாதுகாப்பு. ஆனால் கறுப்புக் கூம்பால் ஏற்கெனவே கொப்புளம் வந்தவர்கள் அந்தப் பரிசோதனையையும் வீட்டில் செய்து பார்க்கக் கூடாது. தோல் மருத்துவரிடம் செய்துகொள்ள வேண்டும்.

பொடிச் சந்தையில் பெரிய பெயர் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்துச் சோஜத். அங்கே விளையும் மருதாணிக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழை குறைந்த மண்ணில் விளையும் இலைக்கு நிறம் கூடுதல் என்பது வியாபாரிகளின் கணக்கு. நல்ல பொடி காக்கி கலந்த மங்கிய பச்சையாக இருக்கும். கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையில் இருந்தால், பழைய பொடிக்குப் பச்சைச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

மருந்தாக எந்த அளவுக்கு?

நகச்சுத்து வந்தால் மருதாணியை அரைத்து விரலில் தொப்பி போல வைத்துக் கட்டுவார்கள். மழைக்காலத்துச் சேற்றுப்புண், குதிகால் பித்தவெடிப்பு, உள்ளங்கால் எரிச்சல் எல்லாவற்றுக்கும் முதல் கைவைத்தியம் இதுதான். மருதாணிப் பூவைத் தலையணைக்கடியில் வைத்தால் தூக்கம் வரும் என்பது இன்னொன்று. வாசனை சுகம், அதற்கு மேல் நான் வாதாட மாட்டேன்.

பூஞ்சைக்கு எதிராக லாசோன் வேலை செய்வதைச் சோதனைச்சாலைகள் உறுதி செய்திருக்கின்றன. படர்தாமரைக் காளான் மீதும் கேண்டிடா மீதும் அதன் தாக்கம் தெரிகிறது. கண்ணாடித் தட்டில் காளான் சாவது வேறு, சேற்றில் நின்று வேலை செய்கிறவர் காலில் குணமாவது வேறு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இருந்தாலும், மருந்துக் கடையில் "படைக்கு ஒரு டியூப் குடுங்க" என்று ஸ்டீராய்டு கலந்த களிம்பை வாங்கித் தடவி, படையை உடம்பு முழுக்கப் பரவ விடுகிற இன்றைய பழக்கத்தோடு ஒப்பிட்டால் மருதாணி அப்பாவி.

சுவாரஸ்யமான ஒரு மருத்துவப் பயன்பாடு புற்றுநோய் சிகிச்சையில் இருக்கிறது. கேப்சிடபைன் என்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களில் பலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, எரிந்து, தோல் உரியும். சில சமயம் மருந்தையே நிறுத்த வேண்டியிருக்கும். துருக்கியில் சில நோயாளிகளுக்கு மருதாணி பூசியபோது எரிச்சல் அடங்கி, சிகிச்சையைத் தொடர முடிந்ததாக 2008-ல் மருத்துவர்கள் எழுதினார்கள். நோயாளிகள் ஒரு சிலரே என்பதால் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளங்கால் எரிச்சலுக்கு மருதாணி என்று சொன்ன கிழவிகளுக்கு அது ஒரு மரியாதை, அவ்வளவில் வைத்துக்கொள்ளலாம்.

அந்தக் கால் எரிச்சலில்தான் இன்று ஒரு கண்ணி இருக்கிறது. நம் ஊரில் நடுவயதைத் தாண்டியவருக்கு ராத்திரியில் உள்ளங்கால் திகுதிகுவென்று எரிகிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. நரம்பு பழுதாகும் எரிச்சலுக்கு மருதாணி கொஞ்ச நேரம் குளிர்ச்சி தரும், காரணத்தைத் தொடாது. தவிர, உணர்ச்சி குறைந்த காலில் சின்னக் காயம் பட்டால் முதலில் தெரிவது நிறம் மாறுவதுதான். சிவப்பு, பிறகு கருமை. மருதாணி பூசிய காலில் அந்த நிறமாற்றம் கண்ணுக்குத் தப்பிவிடும். சர்க்கரைக்காரர்கள் காலுக்கு மருதாணி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது. நகச்சுத்தில் சீழ் கோத்துவிட்டால் அவர்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மருதாணியை உள்ளுக்குச் சாப்பிடும் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் சுற்றுகின்றன. பதிவுபெற்ற சித்த மருத்துவர் ஆளைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. செய்தியைப் பார்த்துக் கஷாயம் வைத்துக் குடிப்பது வேண்டவே வேண்டாம். கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. கடைப் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாதபோது அதை விழுங்குவது இன்னும் ஆபத்து.

பச்சைக் குழந்தைக்கு வேண்டாம்

தொடக்கத்தில் சொன்ன அந்த இடத்துக்கு வருகிறேன். அரைத்த இலை, கலப்படம் எதுவும் இல்லை, அம்மாவே அம்மியில் அரைத்தது. அதுவும் ஆபத்தாகக்கூடிய ஒரு கை உண்டு: கைக்குழந்தையின் கை.

இரத்தச் சிவப்பணுக்களைச் சில வகை ரசாயனத் தாக்குதலிலிருந்து காப்பது ஜி6பி.டி. என்ற நொதி. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண்பிள்ளைகளிடம்தான் பெரும்பாலும் வெளிப்படும். அந்துருண்டை வைத்த பெட்டியிலிருந்து எடுத்த துணியைச் சுற்றியதும் மஞ்சள் காமாலை வந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவர்களுக்குத் தெரியும்; அந்துருண்டையின் நாஃப்தலீன் இந்தக் குறைபாடுள்ள சிவப்பணுக்களை உடைத்துவிடும். லாசோனும் வேதியியலில் அதே குடும்பம், நாஃப்தோகுவினோன் வகை. 1996-ல் அமெரிக்காவின் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஜிங்காம், ஆஸ்கி என்ற இரு மருத்துவர்கள் இந்தச் சந்தேகத்தைச் சோதனையோடு எழுதினார்கள். அரபு நாடுகளிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் வந்த பதிவுகளில், உடம்பில் மருதாணி பூசிய குழந்தைகளுக்கு ஓரிரு நாளில் சோர்வு, வெளிறல், கண் மஞ்சளாதல், சிறுநீர் கறுத்துப் போதல் என்று வந்து, ரத்தம் ஏற்ற வேண்டிய நிலை வரை போயிருக்கிறது. பெரியவர்களின் தடித்த தோல் வழியாக உள்ளே போகும் அளவு சொற்பம். பச்சைக் குழந்தையின் தோல் மெல்லிசு, உடம்பின் எடைக்குப் பூசும் பரப்பு அதிகம், கை சூப்பும் பழக்கமும் உண்டு.

குறைபாடு இருக்கிறதா என்பது ஒரு எளிய ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நம் ஊரில் எல்லாக் குழந்தைக்கும் அது செய்யப்படுவதில்லை. ஆகவே பேர் வைக்கும் விழாவுக்கு, முதல் பெருநாளுக்கு, காது குத்துக்கு என்று கைக்குழந்தைக்கு மருதாணி பூசுவதை விட்டுவிடலாம். வீட்டில் யாருக்காவது இந்தக் குறைபாடு இருப்பது தெரிந்தால், அவர்கள் எந்த வயதானாலும் மருதாணி வேண்டாம்.

வளைகாப்புக் கை

ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பில் கை நிறைய மருதாணி வைத்த பெண், அடுத்த சில நாட்களில் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம். அங்கே விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளக்கும் கருவி, நகத்தின் வழியாக ஒளியை ஊடுருவ விட்டுத்தான் அளவு சொல்கிறது. சாதாரணச் சிவப்பு மருதாணி பெரும்பாலும் அதைத் தடுப்பதில்லை. கறுப்பு மருதாணி அளவைக் குழப்பியதாகவோ அளவே வரவிடாமல் செய்ததாகவோ பதிவுகள் உண்டு. மயக்க மருந்து தருகிறவர் நகத்தின் நிறத்தையும் பார்ப்பார். அதனால் இரண்டு கையிலும் ஒரு விரலையாவது வெறுமனே விட்டு வைக்கச் சொல்லலாம். தொப்பி வைக்காத சுட்டுவிரலைப் பார்த்து உறவுக்காரப் பெண்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். சொல்லிவிட்டால் போயிற்று.

கையில் அரிப்பு தொடங்கிவிட்டால் செய்ய வேண்டியது: உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அதன் மேல் மஞ்சள், சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய் என்று வைத்தியம் பார்க்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். கூம்பின் உறையையோ போட்ட இடத்தின் பில்லையோ தூக்கி எறியாமல் எடுத்துப் போங்கள். எது பட்டது என்று தெரிந்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம். முகமோ உதடோ வீங்கினாலும், மூச்சு இழுத்தாலும் நேரே அவசரப் பிரிவுக்குத்தான் போக வேண்டும்.

கல்யாண வீட்டுக்காரர்கள் மெஹந்திக்குப் பேசும்போது கேட்க வேண்டிய கேள்வி விலையைப் பற்றியதல்ல. "கூம்பு நீங்களே செய்யறதா, எப்போ செஞ்சது, எதுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். நேற்று செய்தது, ஃப்ரீஸரில் இருக்கிறது, கை கழுவாமல் இரண்டு நாள் வைத்திருங்கள் என்று பதில் வந்தால் அட்வான்ஸ் கொடுக்கலாம். இடமிருப்பவர்களுக்கு அந்தக் கேள்வியும் தேவையில்லை. மழை தொடங்கும்போது பென்சில் கனத்தில் ஒரு போத்தை வெட்டி மண்ணில் செருகினால் பெரும்பாலும் பிடித்துவிடும். மாடியில் பெரிய தொட்டியிலும் வரும், வெயில் மட்டும் நன்றாக விழ வேண்டும். தண்ணீர் ரொம்பக் கேட்காது, ஆடும் அவ்வளவாகக் கடிக்காது. முதல் வருஷம் பறிக்காமல் விட்டால் செடி கிளைத்துக்கொள்ளும். அதன் பிறகு கொழுந்தும் இளங்காம்புமாகப் பார்த்துப் பறியுங்கள். நிறம் அங்கேதான் அதிகம்.